இறங்காத குளம்படி

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு, உங்கள் தம்பி மகள் வணங்கி எழுதுவது. நான் நலம். பெரியம்மாவின் இடுப்புவலியும் உங்கள் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது நான் வேலை செய்யும் கட்டடத்தின் படிக்கட்டுத் தூசி. திங்கட்கிழமை காலை அதில் குளம்படிகள் மேலே ஏறிப் போயிருந்தன. இறங்கி வந்த தடம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டபின் நானும் நம் கழுதையும் செங்கல் சுமந்த கட்டடம்தானே, இப்போது அதே படிகளைத்தான் பெருக்குகிறேன், அதன் தடம் எனக்குத் தெரியாதா, இடது பின்னங்கால் இழுத்திருந்தது. கயிற்றை அறுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். அதிலிருந்து தினமும் விடியும்போது டக்கு டக்கென்று ஏறும் சத்தம், மூன்றாம் மாடியில் நின்றுவிடும். அங்கே குடிவந்திருக்கும் அக்கா கதவைத் திறந்தால் யாரும் இல்லையாம், கால்மிதியில் செங்கல் பொடி மட்டும் கிடக்குமாம். "லிப்ட் இருக்கிற கட்டடத்துல கழுதை ஏன்யா படியேறுது?" என்று வாட்ச்மேனிடம் சண்டை. "பேரு எழுதாம நான் யாரையும் மேல விடுறதில்லைம்மா" என்று அவர் என்னைப் பார்க்கிறார். எனக்குப் பேச வராது, உங்களுக்கே தெரியும். துடைப்பத்தை எடுத்துப் பொடியைப் பெருக்கினேன்.

பெரியப்பா, வர்ற வெள்ளிக்கிழமை அதைத் தோல் வியாபாரிகிட்ட கொடுக்கப் போறேன்னு சொன்னீங்களே, வேண்டாம். "முட்டி போன கழுதைக்குப் புல்லு தண்டம்"னு நீங்க சொன்னப்போ எனக்குப் பேச வரல, அதான் எழுதுறேன். அந்த முட்டி நம்ம செங்கலச் சுமந்துதான போச்சு. செங்கலை இறக்கி முதுகுல ரெண்டு தட்டு தட்டினாத்தான் அது திரும்பி இறங்கும், நீங்க பழக்கினதுதான். கடைசி நாள் லிப்ட் வந்த குஷியில யாரும் தட்டல, நீங்க மூணாம் மாடியிலேர்ந்து கயித்தப் போட்டு இழுத்துட்டு வந்தீங்க. வேலை முடிஞ்சுதுன்னு அதுகிட்ட யாருமே சொல்லல பெரியப்பா. கொல்லையிலயே இருக்கட்டும், புல்லு நான் அறுத்துட்டு வரேன்.

பெரியம்மாவுக்கும் அண்ணனுக்கும் என் அன்பு. நீங்களும் கழுதையும் நல்லா இருக்கணும்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அண்ணன் வந்தான். நான் அழுவேன் என்று என்னிடம் சொல்லாமல், போன வாரமே அதைத் தோல் வியாபாரியிடம் கொடுத்துவிட்டீர்களாம். அன்றைக்கே அதன் கதை முடிந்துவிட்டதாம். "கயிறு மட்டும்தான் இருக்கு, வேணுமா?" என்றான். இன்று காலைத் தடம் இன்னும் படியில் இருக்கிறது. மூன்றாம் மாடிக்குப் போனேன். யாரும் இல்லை. இல்லாத செங்கலை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தேன். பிறகு அதன் முதுகு இருக்கும் உயரத்தில் இரண்டு தட்டு தட்டினேன்.