ஹெக்டேருக்குப் பதினெட்டு டன்

ஒரு நாடு முன்னேறிவிட்டதா இல்லையா என்பதைச் சாலைகளையும் பள்ளிக்கூடங்களையும் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாவம். மனித குலம் கண்டுபிடித்த அளவுகோல்களிலேயே தலைசிறந்தது, ஒரு ஹெக்டேர் நிலத்தில் எத்தனை டன் ராஸ்பெரி விளைகிறது என்பதுதான். சிறுகனி வளர்ச்சி வாரியத்தின் 'சர்வதேச ஒப்பீட்டுப் பிரிவில்' பதினான்கு வருடம் நாற்காலியைத் தேய்த்தவன் என்ற முறையில் இதைப் பொறுப்புடன் சொல்கிறேன்.

ராஸ்பெரி விரல் நுனி அளவுள்ள சிவப்புப் பழம். பறித்த கையோடு குளிரில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் பெட்டியின் அடியில் சிவப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். அதற்காகவே வாரியம் ஒரு குளிர்வண்டி வைத்திருந்தது. எங்கள் பட்டியலில் 'ராஸ்பெரி நிலம்' என்று பதிவான வயல்களுக்கு மட்டும் அது தினமும் காலையில் போய்ப் பழத்தை ஏற்றிக்கொண்டு வரும். பட்டியலில் அப்போது எண்ணூற்றுப் பன்னிரண்டு வயல்கள் இருந்தன.

உலக அட்டவணையில் பன்னிரண்டு நாடுகள். நாங்கள் பதினொன்றாவது இடம். பன்னிரண்டாவது நாடு அந்த வருடம் கணக்கு அனுப்பவில்லை.

இயக்குநர் கூட்டம் போட்டார். அட்டவணையைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது நாங்கள் இரண்டாவதாக இருந்தோம். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, மனமில்லாமல் திருப்பினார்.

"ஏன் பதினொண்ணு?" என்றார்.

கள அலுவலர் எழுந்தார். வருடம் முழுக்கச் சேற்றில் நடப்பவர் என்பதால் அவரைக் கூட்டங்களில் கதவோரம் உட்கார வைப்பது வழக்கம்.

"சார், முதல்ல இருக்கிற நாட்டுல பிளாஸ்டிக் கூடாரம் போட்டு வளக்கிறாங்க, பதினாறு டன் எடுக்கிறாங்க. நமக்கு நாலு. மண்ணுல தண்ணி தேங்கி வேர் அழுகுது. வடிகால் வெட்டணும். நல்ல நாத்து கொடுக்கணும்."

"எவ்வளவு நாளாகும்?"

"மூணு வருஷம் சார்."

"அட்டவணை எப்ப வருது?"

"மார்ச்ல."

அப்போதுதான் நான் எழுந்தேன். என் வாழ்க்கையின் உன்னதமான நிமிடம் அது. "சார், விளைச்சல்னா என்ன? மொத்தப் பழத்தை மொத்த நிலத்தால வகுக்கிறது. மேல இருக்கிறதைக் கூட்டணும்னா மழை வேணும், நாத்து வேணும், ஆள் வேணும். கீழ இருக்கிறதைக் குறைக்கணும்னா ஒரு பேனா போதும்."

இயக்குநர் தம்முடைய பேனாவையே எடுத்து என்னிடம் நீட்டினார்.

தேசிய சராசரிக்குக் கீழே விளைந்த வயல்கள் அனைத்தும் 'புதர் நிலம்' என்று மாற்றிப் பதியப்பட்டன. செடி அதேதான், பழம் அதேதான், பெயர் மட்டும் புதர். நாலு டன் ஆறு டன்னாக உயர்ந்தது. எட்டாவது இடத்துக்கு வந்தோம். ஒரு விவசாயி தன்னுடையது ராஸ்பெரி நிலம்தான் என்று நிரூபிக்க ஒரு கூடைப் பழத்தோடு வந்து நின்றார். எழுத்தர் கூடையை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அரை மணி நேரம் கழித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஆதாரம் ஆய்வு செய்யப்பட்டது. தற்போது ஆதாரம் எதுவும் இல்லை" என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் ஓர் அதிசயம் நடந்தது. சராசரிக்குக் கீழே இருந்த எல்லோரையும் எடுத்த பிறகும், சராசரிக்குக் கீழே பாதிப் பேர் இருந்தார்கள்.

"போன வருஷமே எல்லாரையும் எடுத்தாச்சே, மறுபடி எங்கேர்ந்து வந்தாங்க?" என்றார் இயக்குநர்.

"விஷமிகள் சார்" என்றார் மேலாளர்.

விஷமிகளைப் பட்டியலிலிருந்து அடித்தோம். அதற்கடுத்த வருடமும் வந்தார்கள். அப்போதும் அடித்தோம். எண்ணூற்றுப் பன்னிரண்டு, முந்நூற்று எண்பத்திரண்டு, நூற்று எழுபத்தொன்று, எழுபது, இருபத்துமூன்று, ஏழு. வயல் குறையக் குறைய நாடு உயர்ந்துகொண்டே போனது. மூன்றாவது இடத்தைப் பிடித்தபோது இயக்குநரின் கண் கலங்கிவிட்டது.

மிஞ்சிய ஏழில் ஒன்று என் அக்காவுடையது. மேட்டில் இரண்டு ஏக்கர். மாமா போன பிறகு தனியாளாக நின்று பார்த்துக்கொண்டாள். நான் புள்ளியியல் படித்ததே அந்தப் பழத்தில்தான். பட்டியலில் அவள் பெயர் ஒவ்வொரு வருடமும் தப்பித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது, ஆனால் அதற்கென்று படிவத்தில் இடம் இல்லை.

அந்த வருடம் அக்காவைப் பார்க்கப் போனேன். நிலத்தில் பாதியைக் கொத்திப் போட்டு, வரிசையாகச் சின்னச் சின்ன நாற்று நட்டு வைத்திருந்தாள்.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்க?"

"செடிக்குப் பன்னெண்டு வயசாச்சுடா. தோண்டிப் பாத்தா வேரெல்லாம் கறுத்துப் போயிருக்கு. இந்த வருஷம் பாதி, அடுத்த வருஷம் பாதி. மாத்திட்டா இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்ல."

"நட்ட வருஷம் காய்க்காதே. உன் சராசரி விழுந்துடும்."

"விழட்டும். அடுத்த வருஷம் ஏறும்."

"அட்டவணைக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு கிடையாதுக்கா."

அக்கா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தாள். "அப்ப காய்க்கிற பாதியை மட்டும் எழுதிக்கோ. புதுசு வெச்ச பாதியை அடுத்த வருஷம் சேத்துக்கோ. அதுதானே நியாயம்? வண்டி மட்டும் வந்துடணும் தம்பி. அது நின்னா நான் நின்னேன்."

நியாயம்தான். ஒரு வரி திருத்தினால் போதும். ஆனால் கூடப் பிறந்தவளுக்காகக் கணக்கில் கைவைப்பது ஊழல். எண்ணூறு பேரைக் கூசாமல் அடித்த கை, சொந்த அக்கா என்றதும் தயங்கினால் ஊர் என்ன சொல்லும்? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நேர்மை வென்றது. அடித்துவிட்டேன். மேலாளர் என் முதுகில் தட்டிக்கொடுத்து, "உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா நாடு எங்கேயோ போயிடும்" என்றார்.

உத்தரவு சரியாக நிறைவேறுகிறதா என்று பார்க்க மறுநாள் காலையில் மேட்டுக்குப் போனேன். அக்கா அறுபது பெட்டியைச் சாலையோரம் அடுக்கிவைத்துக் காத்திருந்தாள். குளிர்வண்டி வந்தது, நிற்காமல் போனது. கொஞ்சத் தூரம் போய், ஓட்டுநர் மனசு கேட்காமல் நிறுத்திவிட்டு இறங்கி வந்தார்.

"லிஸ்ட்ல பேர் இல்லக்கா. புதர் நிலத்துல வண்டி நிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு."

"இது புதராப்பா? நீயே பாத்துச் சொல்லு."

"பாத்தா பழமாத்தான் இருக்கு. நான் பாக்கறதை யாரு கேக்கறாங்க?"

அவர் போய்விட்டார். அக்கா என்னைத் திட்டியிருந்தால் பதில் தயாராக வைத்திருந்தேன். அவள் பெட்டிகளை நிழலுக்கு நகர்த்தினாள். நான் உதவவில்லை. அரசு வேலை நேரம் அது. அந்தப் பருவம் முழுக்க அப்படியே போனது. பாதிப் பழம் தெருத்தெருவாகத் தலைச்சுமையில் போயிற்று, பாதி தண்ணீராயிற்று. மழைக்கு முன்னால் நிலத்தைக் கைமாற்றிவிட்டாள். வாங்கியவர் அங்கே லாரி நிறுத்துகிறார்.

இதற்கிடையே இயக்குநர் ஒரு மகத்தான கண்டுபிடிப்பு செய்தார். அவர் அறை ஜன்னலுக்கு வெளியே, ஏசி தண்ணீர் சொட்டும் இடத்தில், நாலு ராஸ்பெரிச் செடிகள் தாமாக வளர்ந்திருந்தன. இடம் ஆறு சதுர மீட்டர். அந்த வருடம் பதினோரு கிலோ காய்த்தது. வகுத்துப் பார்த்தேன். ஹெக்டேருக்குப் பதினெட்டு டன்.

'சொட்டுநீர் மாதிரிப் பண்ணை' என்று பெயரிட்டு அதையும் பட்டியலில் சேர்த்தோம். பதினெட்டு உள்ளே வந்ததும் வயல்களின் சராசரி எகிறியது. மிச்சமிருந்த ஆறு வயலும் ஒரே நாளில் சராசரிக்குக் கீழே போய்விட்டன. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மார்ச்சில் அட்டவணை வந்தது. உலகத்தில் முதலிடம் நாங்கள்.

பதினாறு டன் நாட்டிலிருந்து ஒரு குழு கற்றுக்கொள்ள வந்தது. ஜன்னலைத் திறந்து பண்ணையைக் காட்டினோம். ஒருவர் குனிந்து செடிகளை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். பிரமிப்பு என்று நாங்கள் குறித்துக்கொண்டோம். விருந்தில் ராஸ்பெரி வைத்தோம், அவர்கள் பெட்டியில் கொண்டுவந்தது. விளைச்சலில் நம்மைவிடக் கீழே இருப்பவர்கள், பழம் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள். வாரியம் எனக்கு ஒரு கேடயம் கொடுத்தது.

கேடயத்தை அக்காவிடம் காட்டப் போனேன். அவள் இப்போது துறைமுகத்துக் குளிர்கிடங்கில் வேலை செய்கிறாள். வெளிநாட்டிலிருந்து வரும் ராஸ்பெரிப் பெட்டிகளில் விலைச்சீட்டு ஒட்டும் வேலை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சிவந்துபோன விரல்களால் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்த விரல்களைப் பார்த்ததும் கேடயத்தை மறைத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. அதற்குள் பார்த்துவிட்டாள்.

"என்னடா அது?"

"நாமதான் உலகத்துலயே முதல்லக்கா. ஹெக்டேருக்குப் பதினெட்டு."

"எத்தனை செடில?"

"நாலு. ஆறு சதுர மீட்டர்ல."

"உங்க ஆபீஸ்ல எத்தனை பேரு?"

"நாப்பத்தேழு."

அக்கா இன்னொரு பெட்டியை எடுத்தாள். "ஆறு மீட்டர் நிலத்துல நாப்பத்தேழு பேரு. அப்ப ஹெக்டேருக்கு எத்தனை ஆபீசர்னு போட்டுச் சொல்லு."

பழக்கதோஷம். மனசுக்குள்ளேயே போட்டுவிட்டேன். எழுபத்தெட்டாயிரத்து முந்நூற்று முப்பத்துமூன்று. எந்த நாடும் கிட்டவே வர முடியாது. வாய்விட்டுச் சொன்னேன்.

"நல்ல விளைச்சல்தான்" என்றாள் அக்கா, சீட்டை ஒட்டியபடியே. "அதுல சராசரிக்குக் கீழ இருக்கிறவங்களை எப்படா அடிக்கப் போறீங்க?"