சுமார் 1896

வில்ஃபிரட் ஹாக்கின்ஸ் ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினார். சைக்கிள் வலது பக்கம் திரும்பி, பாதிரியார் வீட்டு முள்வேலிக்குள் நுழைந்தது.

"இடது பக்கம்னு சொன்னியே?" என்று பின் சீட்டிலிருந்து அவர் மனைவி டோரீன் கேட்டாள். வேலிக்குள்ளிருந்து பேசியதால் குரல் கொஞ்சம் அடங்கியிருந்தது.

"இடது பக்கம்தான் திருப்பினேன்."

"நான் பாதிரியார் சம்சாரத்துக்குக் கையாட்டினேன். வேற ஒண்ணும் பண்ணலை."

இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து ஓட்டுகிற அந்த இரட்டைச் சைக்கிளை அன்று காலையில்தான் தேவாலயத்துப் பழைய சாமான் விற்பனையில் வாங்கியிருந்தார்கள். வேலியிலிருந்து பிடுங்கியெடுத்துத் தலைகீழாக நிறுத்திப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. பின் ஹேண்டில்பாரிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கிளம்பி, வண்டியின் வயிற்றோடு ஓடி, முன் சக்கரத்தைப் பிடித்திருந்தது. முன் ஹேண்டில்பார் எதையும் பிடித்திருக்கவில்லை. இரண்டு பக்கமும் அழகாகத் திரும்பியது, அவ்வளவுதான். முன் பெடல்களும் அதே ஜாதி. எவ்வளவு மிதித்தாலும் சும்மா சுற்றின.

"அப்ப அந்த மேட்டுல ஏறினப்போ?" என்றார் வில்ஃபிரட்.

"நான்தான் மிதிச்சேன்."

"எனக்கும் மூச்சு வாங்கிச்சே!"

"உனக்கு உக்காந்தாலே வாங்கும்."

வேறொருவராக இருந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுத்திருப்பார். வில்ஃபிரட்டோ, இவ்வளவு விசித்திரமான வண்டி ரொம்பப் பழசாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருபத்தாறு வருஷமாக வீடு வீடாகப் போய் கேஸ் மீட்டர் கணக்கு எடுக்கிறவர் அவர். கதவைத் திறப்பவர்கள் "மாடிப்படிக்குக் கீழே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். யாராவது தன்னைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்று சொல்லக்கூடிய இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்று அவர் நம்பினார். அது பழஞ்சைக்கிள் சங்கம். அதில் சேர 1900க்கு முந்திய வண்டி ஒன்று சொந்தமாக இருக்க வேண்டும். போன தடவை தன் அப்பாவின் சைக்கிளைக் கொண்டுபோனார். சங்கத் தலைவர் ஆப்ரி கிளெக் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமல், ஜன்னல் வழியாகவே பார்த்துவிட்டு, "1911" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வில்ஃபிரட் சொல்லியனுப்ப, அதே கிளெக் இப்போது வீடு தேடி வந்து, பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டு, அரைமணி நேரம் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"காதலர் வண்டி!" என்றார் கடைசியில். "விக்டோரியா ராணி காலம். பொண்ணு முன்னாடி உக்காந்து வேடிக்கை பார்ப்பா. பின்னாடி இருக்கிற ஆம்பளை ஓட்டுவான். 1896."

"முன்னாடி இவ்வளவு உசரத்துல குறுக்குக் கம்பி இருக்கே," என்றாள் டோரீன். "நீளப் பாவாடையோட எப்படிக் காலைத் தூக்கிப் போடுவா?"

கிளெக்கின் முகம் மலர்ந்தது. "அப்ப அவ பாவாடை கட்டலை! தொளதொள கால்சட்டை போட்டிருக்கா. புரட்சிக்காரி. அதனாலதான் 96ன்னு அடிச்சுச் சொல்றேன். 95ல யாருக்கும் அந்தத் துணிச்சல் கிடையாது."

"இந்த பிரேக் எங்கம்மா சைக்கிள்ல இருந்த மாதிரியே இருக்கு."

"பிற்காலத்துல மாத்தினது."

"சீட்டு?"

"மாத்தினது."

"சக்கரம்?"

"ரெண்டுமே."

"அப்ப 1896ல மிச்சம் என்னதான் இருக்கு?"

கிளெக் நன்றாக யோசித்தார். "அந்த யோசனை," என்றார்.

வண்டியின் கம்பியில் பொறித்த நம்பரைக் கண்டுபிடித்தால் சான்றிதழ் எழுதிவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் போனார். வில்ஃபிரட் வண்டியைச் சாப்பாட்டு மேஜை மேல் படுக்க வைத்து, பெயிண்ட் கரைக்கிற திரவத்தை ஊற்றினார். கறுப்புப் பெயிண்ட் போய்ப் பச்சை வந்தது. பச்சை போய் மேஜையின் பாலிஷும் போனது. நம்பர் கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு: முன்பாதியில் ஒன்று, பின்பாதியில் வேறொன்று. நடுவே, கொட்டிப்போன கஞ்சி காய்ந்தது போல ஒரு ஒட்டு.

வில்ஃபிரட் அந்த ஒட்டை வெகுநேரம் பார்த்தார். அது என்ன சொல்கிறது என்று அவருக்குப் புரியாமல் இல்லை. தொலைபேசியில் கிளெக்கிடம் நம்பர்களைப் பற்றி மட்டும் சொன்னார்.

"ரெண்டு நம்பரா?" கிளெக்கின் மூச்சு கேட்டது. "ஆளுக்கொரு நம்பர்! நான் கேள்விப்பட்டதே இல்லை. அப்படின்னா அவ்வளவு அபூர்வம்!"

மறுநாள் வில்ஃபிரட் ஒட்டின் மேல் புட்டிப் பசை அப்பி, தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் பூசினார்.

"இது தப்பு, வில்ஃபிரட்," என்றாள் டோரீன்.

"பாதுகாக்கிறேன்."

"யாரை?"

அவர் இரண்டாவது பூச்சுக்குத் தூரிகையை எடுத்தார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. கிளெக் சங்க இதழில் நாலு பக்கம் எழுதினார். உள்ளூர்ப் பத்திரிகை வீட்டுக்கு வந்து படம் எடுத்தது. மீட்டர் பார்க்கப் போன வீடுகளில் "அந்த சைக்கிள்காரர் நீங்கதானே? உள்ள வாங்க" என்றார்கள். ஒரு வீட்டில் கேக்கே கொடுத்தார்கள். அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சங்கத்தின் வருடாந்திர ஊர்வலத்தில் அவருடைய வண்டியே முதலில் போகும் என்றும், நகர மண்டபத்து வாசலில் சான்றிதழ் தரப்படும் என்றும் முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை டோரீன் படுக்கையறைத் திரைச்சீலையில் தைத்த தொளதொள கால்சட்டையோடு முன்னால் உட்கார்ந்தாள். தலையில் இறகு வைத்த பெரிய தொப்பி. பின்னாலிருந்த வில்ஃபிரட்டுக்கு அந்தத் தொப்பியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியவில்லை.

"எந்தப் பக்கம் போகணும்?" என்று கத்தினார்.

"நேரா போ. ஜோரா இருக்கு!" என்றாள் டோரீன், சும்மா சுற்றுகிற பெடல்களை மிதித்துக்கொண்டு. "மூச்சே வாங்கலை!"

நேராகப் போனார். நடைபாதை விளிம்பில் சக்கரம் ஏறி இறங்கியது. புட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. 'க்ரக்' என்று ஒரு சத்தம். நகர மண்டபத்து வாசலில், கையில் சான்றிதழோடு நின்ற கிளெக்கின் காலடியில், வண்டி நடுவில் தொய்ந்து ஒட்டகம் போல உட்கார்ந்தது.

கிளெக் குனிந்து ஒட்டைப் பார்த்தார். புதுப் பெயிண்டைப் பார்த்தார். வில்ஃபிரட்டைப் பார்த்தார்.

"நான்தான் பூசினேன்," என்றார் வில்ஃபிரட். சொன்ன பிறகு மனசு லேசானது போல இருந்தது. "ஒட்டு இருந்தது எனக்குத் தெரியும். சான்றிதழ் வேண்டாம்."

"அது எப்பவும் அங்கதான் விட்டுப்போகும்," என்றது ஒரு குரல்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு வயதான பெண்மணி வந்தாள். ஈனிட் பிராட் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். பத்திரிகையில் படம் பார்த்து வந்தாளாம். "எங்க வீட்டுக் கரிக்கொட்டகையில கிடந்தது. நான்தான் தேவாலயத்துக்குக் கொடுத்தேன். 1934ல ரெண்டு பழைய சைக்கிளை அறுத்து எங்கம்மாவே ஒட்டினது."

சான்றிதழ் கிளெக்கின் கையில் மெல்ல வளைந்தது. "காதலர் வண்டி இல்லையா?"

"எங்கப்பா முன்னாடி, அம்மா பின்னாடி. பதினெட்டு வருஷம் அப்படித்தான் போனாங்க."

"ஆம்பளை முன்னாடியா!" கிளெக்குக்குத் தன் நாலு பக்கக் கட்டுரை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "எதுவுமே செய்யாத ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு, எதுவுமே செய்யாத பெடலை மிதிச்சுக்கிட்டு, ஒரு மனுஷன் எதுக்கும்மா பதினெட்டு வருஷம் முன்னாடி உக்காரணும்?"

ஈனிட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவரை உற்றுப் பார்த்தாள்.

"நீ ஆப்ரிதானே? எங்கப்பா பள்ளிக்கூடத்துப் பசங்களுக்குச் சைக்கிள் பரீட்சை வைக்கிறவர், உன்னைக்கூட ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினாரே, அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாதுப்பா."