டர்போவுக்கு ஒரு குழாய்

என் சுபாரு காருக்குப் புதுக் குழாய் வாங்கும் வேலையை எந்தக் காரணம் கொண்டும் முடித்துவிடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

டாக்டர் என் கால் பெருவிரலைத் தொட்டார். நான் அலறினேன். பரிசோதனை அவ்வளவுதான். கறி தின்று வந்த வாதம், இனி ஆட்டிறைச்சி கூடாது என்றார். அதையும் என்னிடம் சொல்லவில்லை, என் மனைவி வைரிமுவிடம் சொன்னார். எங்கள் ஊர் கிசேரியனில் சனிக்கிழமை மதியம் சுட்ட விலா சாப்பிடாத ஆம்பிளை ஆஸ்பத்திரியில் கிடப்பான், இல்லை சவப்பெட்டியில் கிடப்பான். நான் நன்றாக நடமாடிக்கொண்டிருந்தேன், கொஞ்சம் நொண்டியபடி.

அந்த வாரமே கடவுள் கண் திறந்தார். டர்போவுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் விரிசல் விட்டது. வண்டி சும்மா நிற்கும்போதே இருமியது. மெக்கானிக் முத்திசோ தற்காலிகமாக டேப் சுற்றிக் கொடுத்தான். கம்பெனிக் குழாய் போட்டால் மறுபடியும் வெடிக்கும், வெளியில் விற்கும் சிலிகோன் குழாய்தான் நல்லது, ஆனால் பார்த்து வாங்க வேண்டும் என்றான்.

பார்த்து வாங்க வேண்டும் என்றால் எத்தனை சனிக்கிழமை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நைரோபிக்குப் போய்க் கிரின்யாகா சாலையில் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும் என்று வைரிமுவிடம் சொல்லிவிட்டு, நேராக லெமாயனின் இறைச்சி சுடும் கடைக்குப் போய் உட்காருவேன். திரும்பி வந்து குறை சொல்வேன். ஒரு வாரம் நீளம் போதவில்லை. இன்னொரு வாரம் பக்கத்தில் பிரியும் சின்ன மூக்குகள் இடம் மாறியிருந்தன. அவள் அவரைக்காய் உரித்தபடி கேட்டுக்கொள்வாள். சட்டையில் ஏன் புகை வாசம் என்றாள். பக்கத்துக் கடையில் வெல்டிங் என்றேன். வெல்டிங்குக்குக் கொத்தமல்லியும் தூவுகிறார்களா, பல்லில் ஒட்டியிருக்கிறதே என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பெருவிரல் வீங்கியது. கிளட்ச் கெட்டியாக இருக்கிறது என்றேன்.

ஒரு சனிக்கிழமை நான் சாவியை எடுத்துக்கொண்டு வந்தபோது அவள் சர்ச்சுக்குப் போகும் உடையில் காரில் உட்கார்ந்திருந்தாள்.

"நானும் வரேன், கதோனி அப்பா. நீங்களும் தனியா எத்தனை குழாயத்தான் பாப்பீங்க, பாவம்."

கிரின்யாகா சாலைக் கடைக்காரர் என்னை முன்பின் தெரியாதவர் போலப் பார்த்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நானும் அவரை அன்றுதான் பார்க்கிறேன். கறுப்பில் ஒன்றும் சிவப்பில் ஒன்றும் எடுத்து வைத்தார். வைரிமு அவகாடோ வாங்குகிற மாதிரி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"கறுப்பு மெத்துன்னு இருக்கே."

"விலை கம்மிம்மா. ஆனா மிதிச்சா உறிஞ்சுற வேகத்துல ஒட்டிப்போயிடும். வண்டி இழுக்காது."

"அப்ப சிவப்பு?"

"உள்ள கம்பி சுத்தியிருக்கு, ஒட்டாது. ஆனா கூவும். குடும்பக்காரங்க வேணாம்பாங்க."

"எந்நேரமும் கூவுமா?"

"சமதரையில சத்தமே இருக்காதும்மா. ஏத்தத்துல அழுத்தி மிதிச்சாத்தான். ஊருக்கே கேக்கும்."

வைரிமு சிவப்பை மறுபடி அழுத்திப் பார்த்தாள். பிறகு அதையே கட்டச் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி விசிலடிச்சுக்கிட்டுத்தானே எங்க தெருவுல சுத்துவீங்க," என்றாள். "உங்களுக்கும் ஆசை இருக்கும்ல."

இப்படிப்பட்டவளிடமா இத்தனை வாரம் பொய் சொன்னோம் என்று இருந்தது. முத்திசோ பாதி எஞ்சினைத் தூக்கிக் குழாயை மாட்டி முடிப்பதற்குள் அந்த எண்ணம் சரியாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை டவுனில் ஒருவரின் அடக்கச் செலவுக்கு நிதி சேர்க்கும் கூட்டம் என்றேன். போய் வாங்க என்றாள். ஒரு கேள்வி இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து கையசைத்தாள்.

எங்கள் தெரு முனையில் இடது பக்கம் திரும்பினால் டவுன். மேசை மாதிரி சமமான சாலை. வலது பக்கம் செங்குத்தான ஏற்றம், உச்சியில் லெமாயன் கடை, வேறொன்றும் கிடையாது. நான் வலது பக்கம் திரும்பி மிதித்தேன். குழாய் கூவியது. என்ன ஒரு கூவல். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. எனக்கு வயது இருபத்தைந்து ஆனது. வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, மறுபடியும் மிதித்தேன்.

தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தேன். எப்போதும் மரப்பலகையில் விலா வரும். அன்று நெடுநேரம் எதுவும் வரவில்லை. கடைசியில் லெமாயன் ஒரு தட்டோடு வந்தார். சோளமாவு உகாலிக் களி, பக்கத்தில் வேகவைத்த சுக்குமா கீரை.

இது யாருக்கு என்று கேட்டேன்.

"உங்களுக்குத்தான். உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. நீங்க வண்டிய நிறுத்தக்கூட இல்ல, அதுக்குள்ள பண்ணிட்டாங்க. ஏத்தத்துல கூவுனது சமையல்கட்டு வரைக்கும் கேட்டுச்சாம்."

கீரையைப் பார்த்தேன். அடுப்பில் விலா எண்ணெய் சொட்டச் சொட்ட வெந்துகொண்டிருந்தது. அது யாருக்கு என்று கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அது வீட்டம்மாவுக்கு. சேமிப்புக் குழுப் பொம்பளைங்கல்லாம் வீட்டுக்கு வந்திருக்காங்களாம். பொட்டலத்த உங்ககிட்டயே குடுத்தனுப்பச் சொன்னாங்க," என்றார் லெமாயன். "ஆறிப்போகாம, நல்லா மிதிச்சு வரணுமாம்."