தொடக்கூடாத சாமி

சிவதாணு பிள்ளைக்கு ஐயப்பன்மேல் பக்தி வந்தது திடீரென்றுதான். மகள் பொன்னம்மை இரண்டு பிள்ளைகளோடு பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்த அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது.

"அவுகளுக்குக் கொல்லத்தில இருந்து ஆலுவாய்க்கு மாத்தலாயிருக்குப்பா. நாங்க போயி வீடு பாத்துட்டு வந்திருதோம். பிள்ளையள் இங்க இருக்கட்டும். ஒரு நாலஞ்சு நாள்தானே?"

மூத்தவன் நயினாருக்கு ஐந்து வயது. இளையவள் சூடாமணிக்கு நான்கு. போன தடவை வந்தபோது தாத்தாவின் மூக்குக்கண்ணாடியைக் கிணற்றில் போட்டு, அதற்கு நீந்தத் தெரியுமா என்று எட்டிப் பார்த்தவர்கள்.

பிள்ளை ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் மொத்த வியாபாரம் பார்த்தவர். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. பிள்ளைக்கு அது சாயங்காலம் மட்டும் கிடைத்தது. அப்போதுதான் கூட்டாளி கோலப்பனின் சரக்குக் கிட்டங்கியில் புளிமூட்டைகளின் மேல் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார். அதுவும் இல்லையென்றால் இருபத்துநாலு மணி நேரமும் அவர் பகவதியம்மாளின் புருஷன்தான், வேறொன்றும் இல்லை. இப்போது அந்தச் சாயங்காலத்துக்கும் ஆபத்து வந்துவிட்டது.

ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து யோசித்தார். விடிந்தால் கார்த்திகை ஒன்று. இருட்டோடு எழுந்து குளித்து, பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் போனார். சபரிமலைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகும் பகவதிப்பெருமாள் குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டு, கறுப்பு வேட்டியும் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

பகவதியம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னது இது? யாருக்கு என்ன ஆச்சு?"

"விரதம். மண்டலம் முடியிற வரைக்கும். நல்லாக் கேட்டுக்கோ. மாலை போடாதவங்க மாலை போட்டவங்களத் தொடப்படாது. அதிலயும் பிள்ளையள் கிட்டயே வரப்படாது. எச்சி படும், மூத்திரம் படும்."

"அப்படின்னு யாரு சொன்னா?"

"சாஸ்திரம் சொல்லுது."

"அது எப்போ வந்து உங்ககிட்டச் சொல்லிச்சு?"

"சாமிகிட்ட எதிர்வாதம் பேசப்படாது. சாயங்காலம் நான் பஜனைக்குப் போணும்."

"சரி சாமி" என்றாள் பகவதியம்மாள்.

முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவள் இத்தனை சீக்கிரம் சரி என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிள்ளை அப்போதே பயந்திருக்க வேண்டும். அவரோ சந்தோஷப்பட்டார்.

பொன்னம்மை காலை பஸ்ஸுக்கே போய்விட்டாள். அதற்குப் பிறகு வீடு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நயினார் மச்சுப்படியில் ஏறினான். சூடாமணி அரிசிப் பானைக்குள் இறங்கினாள். பகவதியம்மாள் இவனை இறக்கி, அவளை ஏற்றி, அடுப்புக்கு ஓடி, கிணற்றடிக்கு ஓடி, மூச்சு வாங்கினாள். பிள்ளை புலித்தோலில் உட்கார்ந்த மாதிரி கோரைப்பாயில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நயினார் அவர் முன்னால் வந்து நின்றான்.

"பாட்டா, எனக்கு வருது."

"ஆச்சிகிட்டப் போ மக்கா. பாட்டாவைத் தொடப்படாது."

"ஆச்சி பாப்பாவைக் குளிப்பாட்டுதா. எனக்கு வருது."

"சாமியே சரணம்" என்று பிள்ளை கண்ணை இன்னும் இறுக்கி மூடினார்.

"வந்துட்டு" என்றான் நயினார்.

அதையும் பகவதியம்மாள்தான் வந்து துடைத்தாள்.

சாயங்காலம் பிள்ளை பஜனைக்குக் கிளம்பி, நேரே கோலப்பன் கிட்டங்கிக்குப் போனார். படியேறும்போதே சீட்டுக் கலைக்கும் சத்தம் கேட்டது. அவர் தலை தெரிந்ததும் சத்தம் நின்றது. கோலப்பன் சீட்டுக்கட்டை மடியில் ஒளித்துக்கொண்டு, வாயிலிருந்த பீடியைச் சன்னல் வழியே எறிந்துவிட்டுக் கைகூப்பினார்.

"வரணும் சாமி, வரணும்."

"சாமியாவது கீமியாவது. சீட்டைப் போடும் வே!"

"நல்லாருக்கே! மாலை போட்ட ஆளுக்குச் சீட்டுப் போட்டா என் குடும்பம் விளங்குமா? சாமி உக்காருங்கோ. நாலு சரணம் சொல்லிக் கொடுங்கோ, நாங்க ஏத்துச் சொல்லுதோம்."

அன்று புளிமூட்டைகளின் மேல் நிஜமாகவே பஜனை நடந்தது. பிள்ளைக்கு நாலு சரணத்துக்கு மேல் தெரியாது. அந்த நாலையும் திரும்பத் திரும்பச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்தால் மீன் இல்லை. வெற்றிலை இல்லை. தலையணையும் இல்லை. "சாமிக்கு ஆகாதுல்லா" என்றாள் பகவதியம்மாள். போகட்டும், பிள்ளைகள் தொந்தரவாவது இல்லையே என்று மரப்பலகையில் தலை வைத்துப் படுத்தார்.

அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் அவர் கோயிலுக்குப் போய்த் திரும்பியபோது, அவருடைய கோரைப்பாயில் இரண்டு குட்டிச் சாமிகள் உட்கார்ந்திருந்தன. கழுத்தில் மாலை, நெற்றியில் பட்டையாகத் திருநீறு, இடுப்பில் கறுப்புத் துணி. துணியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. மூலையில் அவருடைய குடை வெறும் கம்பியாகக் கிடந்தது.

பக்கத்தில் குருசாமி மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைவாள், உம்ம வீட்டு அம்மை பெரிய பக்தை. காலம்பறவே பிள்ளையளக் கூட்டிட்டு வந்து மாலை போடச் சொல்லிட்டா. பொண்ணுக்குப் பத்து வயசு ஆகல்லே, தாராளமா வரலாம். நீரும் கன்னிச்சாமி, அவங்களும் கன்னிச்சாமி. பாத்துக் கூட்டிட்டு வாரும்."

"யாரு, நானா?"

"பின்ன நானா?" என்றாள் பகவதியம்மாள். "நான் மாலை போடல்லியே. மாலை போடாதவங்க சாமியத் தொடப்படாதுன்னு நீங்கதானே சாஸ்திரம் சொன்னிய? நான் தள்ளி நின்னு சோறு பொங்கிப் போடுவேன். குளிப்பாட்டுதது, கழுவிவிடுதது, தூங்கப்பண்ணுதது எல்லாம் சாமிக்குச் சாமிதான்."

"ஏட்டி, வீட்டுப் பிள்ளைய! தொட்டா என்ன?"

"சாமிக்குக் கோவம் வரப்படாது. ஏட்டின்னும் சொல்லப்படாது."

பிள்ளை குருசாமியைத் தனியே தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இந்த மாலையை நடுவில கழட்டுததுக்கு வழி உண்டா?"

"மலைக்குப் போகாமக் கழட்டப்படாது. வீட்டில சாவு விழுந்தாக் கழட்டலாம்."

"எனக்கு ஒரு கேடும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று அடுக்களைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பிறகு பிள்ளை உட்காரவில்லை. விடியுமுன் இரண்டு சாமிகளையும் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டினார். ஒரு சாமி அழுதது, இன்னொரு சாமி ஓடியது. ஓடிய சாமியைப் பிடிப்பதற்குள் அழுத சாமி கரியில் புரண்டிருந்தது. அடிக்கக் கை ஓங்கினால், "சாமி, சாமியை அடிக்கப்படாது" என்று நயினார் சட்டம் பேசினான். கொல்லத்தில் வளர்ந்த சூடாமணி, "சாமீ, விசக்குந்நு" என்று மலையாளத்தில் பசி சொல்லி, பசி தீர்ந்ததும் தமிழில் கதை கேட்டாள். சாயங்காலம் கிட்டங்கியிலிருந்து ஆள் வந்து, பஜனைக்குச் சாமியைக் காணோமே என்று விசாரித்துவிட்டுப் போனான். பகவதியம்மாள் கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள்.

பிள்ளை பொன்னம்மை வரும் நாளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார். அவள் வந்தாள். அவள் வாசலில் கால் வைத்ததுமே, "வந்தியா மக்கா! உன் பிள்ளையளக் கூட்டிட்டுப் போ" என்றார், கண் கலங்கி.

பொன்னம்மை தூரத்தில் நின்றே இரண்டு பிள்ளைகளையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மாலை போட்ட பிள்ளையள நான் எப்படிப்பா தொடுதது? அம்மை கடுதாசில எல்லாம் எழுதியிருந்தா. உங்க புண்ணியத்தில என் பிள்ளையளும் மலை ஏறட்டும்."

அதற்குள் பகவதியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். பட்டுக்கரைப் புடவை. கையில் தகரப்பெட்டி.

"நீ எங்க போற?"

"பொன்னம்மைக்குப் புது வீட்டில சாமான் ஒதுக்கி வைக்க ஆள் வேண்டாமா? சாமிமாருக்குச் சோறு கோலப்பன் வீட்டில இருந்து வரும், சொல்லியாச்சு. ஒரு நாலஞ்சு நாள்தானே?"

அம்மையும் மகளும் ஏறிய குதிரைவண்டி தெருமுனையில் திரும்பும் வரைக்கும் பிள்ளை பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் கறுப்பு வேட்டியை யாரோ பிடித்து இழுத்தார்கள்.

"சாமி, எனக்கு வருது."