ரப்பர் மரத்துக்குச் சொந்தக்கார மீன்

தான் ஓர் அறிவாளி என்று ஒருவனுக்குத் தோன்ற ஆரம்பித்தால், வீட்டில் உள்ளவர்கள் அவனை ஒரு வாரம் வெளியே விடாமல் வைத்திருப்பது ஊருக்கு நல்லது. என் வீட்டில் அதைச் செய்யவில்லை. என் அம்மா எனக்கு டை வாங்கிக் கொடுத்தார். அந்த டையைக் கட்டிக்கொண்டு போய்த்தான், ஒரு மீனும் ரப்பர் மரமும் ஒரே குடும்பம் என்று ஒரு கூட்டத்தின் முன்னால் அறிவித்தேன்.

அப்போது நான் ஈப்போவுக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். பதவியின் பெயர் ஆராய்ச்சி உதவியாளர். வேலை, பெரும்பாலும் குப்பி கழுவுவது. ஆனால் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில் விசாரித்தால் நான் விஞ்ஞானி. (அம்மா பரப்பியது. நானும் மறுத்ததில்லை.) முடி வெட்டிக்கொள்ளப் போனால்கூட மரபணுவைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் எழுந்து வரமாட்டேன். அந்தக் கடைக்கார அண்ணன் என் தலையை மட்டும் ஏன் அத்தனை அவசரமாக முடித்து அனுப்பினார் என்பது இப்போது புரிகிறது.

இந்த மகா விஞ்ஞானிக்குத் தைப்பிங்கில் இருந்த கவிதாவைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. கவிதாவுக்குச் சம்மதம். அவளுடைய அப்பா கந்தையாவுக்குத்தான் இல்லை. ரயில்வேயில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். உறவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு டாக்டர். அவர் வாய்விட்டுச் சொன்ன காரணம், என் வேலை நிரந்தரமில்லை என்பது. சொல்லாத காரணம், நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் பேரன் என்பது. “முதல்ல வேலை நிரந்தரமாகட்டும் தம்பி, பிறகு கதைப்பம்” என்று தேநீர்கூட முடியுமுன் அனுப்பிவிட்டார்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அப்போது நடந்தது இதுதான். ரப்பர் மரத்துக்கு இலை உதிரும் நோய் வந்தால் எதிர்த்து நிற்கிற மரபணுக்கள் சில உண்டு. அவை ஒரு குடும்பம். ஒரு மூத்த மரபணுவிலிருந்து பிரிந்து, சாயல் விட்டுப்போகாமல், ஆளுக்கொரு வேலை பார்ப்பவை. அந்தக் குடும்பத்தில் யார் யார் என்று கண்டுபிடிக்க ஒரு சில்லு இருந்தது. பார்த்தால் வெறும் கண்ணாடித் துண்டு. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவைப் பிடிக்கிற டிஎன்ஏ துணுக்கு. மரத்திலிருந்து எடுத்த மரபணுச் சரக்குக்குச் சாயமேற்றி மேலே ஊற்றினால், அதனதன் ஜோடியோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஸ்கேனரில் வைத்தால் அந்தப் புள்ளி ஒளிரும்.

சிக்கல் என்னவென்றால், கொஞ்சம் சாயல் இருப்பதெல்லாம் ஒட்டும். தூரத்துச் சொந்தம், பக்கத்து வீடு, சும்மா வேடிக்கை பார்க்க வந்தது எல்லாம். அதனால் மூன்று முறை கழுவ வேண்டும். மூன்றாவது கழுவல் நல்ல சூட்டில். அந்தச் சூட்டையும் தாங்கி ஒட்டி நிற்பதுதான் உண்மையான உறுப்பினர். இதை என் மேலதிகாரி டாக்டர் மங்கை எனக்குச் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தார்.

ஆராய்ச்சியைத் தொடரலாமா, யாரை நிரந்தரமாக்கலாம் என்று முடிவு செய்ய, கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து ஆள் வருவதாக இருந்தது. ஊழியர்கள் குடும்பத்தாரையும் அழைக்கலாம் என்றார்கள். நான் யாரை அழைத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. மங்கைக்கு வேறு வேலை இருந்ததால், இருந்த ஒரே சில்லை என்னை நம்பி விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு முறை கழுவினேன். சும்மா ஒரு பார்வை பார்ப்போமே என்று ஸ்கேனரில் வைத்தேன். அடடா, என்ன ஒளி! தீபாவளி வாரத்து லிட்டில் இந்தியா மாதிரி திரை முழுக்க ஜொலித்தது. அத்தனையும் நான் கண்டுபிடித்த குடும்பம். கந்தையா முகம் போகிற போக்கை அப்போதே கற்பனை செய்துவிட்டேன்.

கூட வேலை பார்த்த ரவி எட்டிப் பார்த்தான். “மச்சான், சூட்டுக் கழுவல் இன்னும் போடல லா.”

“போட்டா பாதி போயிரும்டா.”

“போகணும்னுதானே போடுறது.”

அவனுக்குப் பொறாமை என்று முடிவு கட்டினேன். அந்த வயதில் எனக்கு யார் புத்தி சொன்னாலும் அது பொறாமைதான். தவிர, எங்கள் வீட்டில் யாரையும் கழித்துவிட்டுப் பழக்கமில்லை. தாத்தாவோடு ஒரே தோட்டத்தில் இருந்தவர் என்றால் போதும், அவர் எங்களுக்குச் சித்தப்பா. கல்யாணத்துக்கு ஒரு லாரி ஆள் வந்தாலும் இலை போட்டுவிடுவோம். அந்தப் பெருந்தன்மையைக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சில்லில் காட்டிய முதல் முட்டாள் நான்தான்.

கந்தையா தைப்பிங்கிலிருந்து ரயிலில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். நான் டையைச் சரிசெய்துகொண்டு, எத்தனை சூட்டிலும் விடாமல் ஒட்டி நிற்பதே உண்மையான சொந்தம் என்று முழங்கினேன். (அந்தச் சூட்டையே போடாதவன் பேசிய பேச்சு இது.) பிறகு படத்தைக் காட்டினேன். வலது ஓரத்தில் சில புள்ளிகள் வரிசையாக ஒளிர்ந்தன. அவை என்னவென்று எனக்குத் தெரியாது. தெரியாததைப் புதியது என்று சொல்வதுதான் விஞ்ஞானம் என்று நினைத்திருந்தேன். இதுவரை உலகம் அறியாத கிளை இது, எங்கள் மாநிலத்தின் பெயரால் ‘பேராக் கிளை’ என்று பெயரிடலாம் என்றேன்.

தலைமையகத்திலிருந்து வந்த சீனப் பெண்மணி அமைதியாக டாக்டர் மங்கையின் பக்கம் திரும்பி, அவை ஒளிரவே கூடாத புள்ளிகள் அல்லவா என்று கேட்டார். மங்கை கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றார். அவை சால்மன் மீனின் டிஎன்ஏ. ரப்பர் மரத்துக்கும் அதற்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை என்பதற்காகவே அங்கே வைத்தது. அது ஒளிர்ந்தால், கழுவியவன் சரியாகக் கழுவவில்லை என்று பொருள்.

சிரிப்பு பின்வரிசையில் தொடங்கி முன்னால் வந்தது. அது அடங்கும்வரை காத்திருந்து கந்தையா எழுந்தார்.

“ஒரு சின்னச் சந்தேகம், தம்பி. அந்த மீன் ரப்பர் மரத்துக்கு மாமன் முறையோ, மச்சான் முறையோ?”

அந்த மண்டபத்தின் தரை எத்தனை சுத்தமாக இருந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வேறெதையும் நான் பார்க்கவில்லை.

மறுநாள் மங்கை என்னைப் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சில்லைச் சூட்டில் கழுவினார். திரை கிட்டத்தட்ட இருண்டுபோயிற்று. மீன் போயிற்று, சித்தப்பாக்கள் எல்லாரும் போனார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய சில புள்ளிகள் மட்டும் அசையாமல் நின்றன. அவற்றை வைத்து ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது. நான் பிழைக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் கைகுலுக்கி அனுப்பிவிட்டார்கள்.

தைப்பிங் பக்கம் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. கையுறையில் தண்ணீர் நிரப்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற பிரிவு. ஞாயிறுதோறும் கந்தையா வீட்டுக்குப் போனேன். அவர் என் சப்பாத்தைப் பழித்தார், சட்டையைப் பழித்தார், என் பட்டம் எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார். மழையில் (தைப்பிங்கில் என்றைக்கு மழையில்லை) கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தார். அடுத்த ஞாயிறும் போனேன். மானம் என்ற ஒன்றை அந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தவனுக்கு மழை ஒரு பொருட்டா?

இப்படியே இரண்டு வருடம். ஒரு ஞாயிறு என்னை உள்ளே உட்காரவைத்து, கவிதாவைக் கூப்பிட்டார். என்னைப் பார்க்காமல் அவளிடம் சொன்னார்.

“நானும் எவ்வளவு சுடுதண்ணி ஊத்திப் பாத்திட்டன் பிள்ளை. போறான் இல்லை. இவன்ரை கணக்குப்படி சொந்தம்தான் போல.”

கவிதா அழுதாள். நான் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்துவிட்டு, ஓட்டைக் கையுறைபோல ஒழுக வேண்டாம் என்றார்.

கல்யாணமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டில் மீன்குழம்பு. மேசைக்குப் புதிதாக யாராவது வந்தால் போதும், கிழவருக்கு எங்கிருந்தோ உற்சாகம் வந்துவிடும். “இவர் எங்கட மருமகன்” என்று என்னைக் காட்டுவார். பிறகு சட்டியைக் காட்டி, “இவர் மருமகன்ரை பெரியப்பா” என்பார். கதை முதலிலிருந்து தொடங்கும். என் மகள் நடுநடுவே எடுத்துக் கொடுப்பாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டு பெரியப்பாவைச் சாப்பிடுவேன்.