எட்டாம் நம்பர் மச்சான்

சங்கரன்கோவில் தாலுகாவில் ஓயாமல் பேசுவதற்கு ஒரு போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்குத்தான் ஆள் தேட வேண்டும். முதல் பரிசு பிளேடுக்கு. அவர் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். டிஸ்பிளே மாற்ற வந்தவர்கள், போனைக்கூட வாங்காமல் தப்பித்தால் போதும் என்று ஓடியதுண்டு.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிளேடு என்று பெயரெடுத்த அந்த மனிதர் நிஜ பிளேடுக்குப் பத்தடி தள்ளி நிற்க வேண்டியவர். அவருக்கு ஹீமோபிலியா. ரத்தம் உறையத் தேவையான சரக்கில் ஒன்று பிறவியிலேயே குறைவு. அடிபட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அடிபடாவிட்டாலும் மூட்டுக்குள்ளே கசிந்து வீங்கும்.

எனக்கும் அதேதான். ஆனால் நான் டியூஷன் சென்டரில் கணக்கு வாத்தியார். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் காத்துவந்த ரகசியம் அது.

நாங்கள் சந்தித்தது திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில். குறைகிற அந்தச் சரக்கை ஃபேக்டர் என்பார்கள். வாரம் இருமுறை நரம்பில் ஏற்றிக்கொண்டால் கசிவு வராமலே தடுக்கலாம். பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல்.

"வே, நீரு எட்டா, ஒம்பதா?"

எந்த நம்பர் ஃபேக்டர் குறைவு என்று கேட்கிறார். "எட்டு" என்றேன்.

"ஊரு?"

"சங்கரன்கோவில்."

நாற்காலியோடு நகர்ந்து வந்துவிட்டார். "அட, நம்ம பங்காளி!" ஒரு கணம் யோசித்து அவரே திருத்தினார். "இல்லவே, இது அம்மா வழியில்லா வருது? அப்ப மச்சான்!"

திரும்பும் பஸ்ஸில் பனவடலிசத்திரம் வருவதற்குள் கண்டக்டருக்கும், பூக்கூடை வைத்திருந்த அம்மாளுக்கும், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி அவருக்கும் ஹீமோபிலியாவை விளக்கி முடித்தார். அதோடு விடாமல் என் தோளில் கைபோட்டு, "சாரும் நம்ம எட்டுதான்" என்று அறிவித்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது சீட்டில், என்னிடம் படிக்கும் பெண்ணின் அப்பா.

அன்றோடு நான் ஊசிக்குப் போவதை நிறுத்தினேன். பிளேடுக்குப் பயந்து என்று மனைவியிடம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. சின்ன வயதில், "ஓடாதே, குதிக்காதே" என்று அம்மா என்னை விளையாட்டுப் பீரியட் முழுக்க மரத்தடியில் உட்கார வைத்திருப்பாள். ஊசி போடாத ஒவ்வொரு நாளும், அந்த மரத்தடியிலிருந்து எழுந்து வந்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு.

மூன்றாவது வாரம் பிளேடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அவியளுக்கு டியூஷன்ல பரீட்சையாம்ணே" என்று நான் சொல்லிக்கொடுத்தபடியே மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடிக்காத குறையாக, "நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ" என்று சேர்த்துக்கொண்டாள்.

"என்னவே, ஊசி போடாட்டி நோயாளி இல்லன்னு ஆயிருமா? ரேஷன் கார்டைக் கிழிச்சா நான் சங்கரன்கோவில்காரன் இல்லன்னு ஆயிருமா?"

"வலிச்சா போட்டுக்கிடுதேன்" என்றேன் விறைப்பாக.

"சரி. அப்ப நானும் வலிச்சா போட்டுக்கிடுதேன். நீரு என்னைக்கு பஸ் ஏறுதீரோ, அன்னைக்கு நானும் ஏறுதேன்."

வெறும் பேச்சு என்று நினைத்தேன். அவரிடம் பேச்சுக்கா பஞ்சம்?

பத்து நாள் கழித்து, அவர் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் போன் செய்தார். "சார், செத்த வாங்க. நம்ம பிளேடு காலையில இருந்து பேசவே இல்ல."

ஓடினேன். வலது முழங்கை தேங்காய் அளவுக்கு வீங்கியிருக்க, இடது கையால் ஒரு ஸ்க்ரூவோடு போராடிக்கொண்டிருந்தார். எதிரே ஒரு வாடிக்கையாளர், கோயிலில் நிற்பதுபோலக் கைகட்டி நின்றார். பிளேடு என்னைப் பார்த்தார். வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை.

"கிறுக்காவே உமக்கு? எந்திரியும், பஸ் ஏறுவோம்."

"நீரு போடுதீரா?"

"போடுதேன்."

"வாரம் ரெண்டு தடவை?"

"ரெண்டு தடவை. எந்திரியும் முதல்ல!"

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கையைப் பார்த்துப் பதறிவிட்டார். "ஒரு நாள் தவற மாட்டீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?"

நான் தலைகுனிந்தேன். பிளேடு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "பஸ் கிடைக்கல மேடம்."

அவர் செய்தது சுத்த முட்டாள்தனம். டாக்டருக்குத் தெரிந்திருந்தால் இருவரையும் பிரம்பால் அடித்திருப்பார். வீக்கம் வற்றியது, முழங்கையை மட்டும் பழையபடி முழுசாக நீட்ட வரவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனபோது, மடங்கிய கையை அப்படியே காதருகே வைத்துக்காட்டினார். "பாரும், செல்போன் கடைக்காரனுக்குன்னே அளவெடுத்து செஞ்ச கை." அவர்தான் சிரித்தார். என்னால் முடியவில்லை.

மறுவாரம் டியூஷன் சென்டரில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "அதுக்கென்ன சார், போயிட்டு வாங்க" என்றார்கள். இத்தனை வருஷம் மறைத்தது இதற்காகத்தானா என்றிருந்தது.

போன வருஷம் பிளேடு கல்யாணமாகி, மனைவியின் ஊரான மதுரைக்குக் கடையை மாற்றிக்கொண்டு போய்விட்டார். ஊசி நாளான செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் போன் வரும். "போட்டாச்சா?" என்று ஆரம்பித்தால் முக்கால் மணி நேரம். அந்த இரண்டு நாட்களில் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டுப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கிறது.