முட்டை வாசனை அடித்த ஆண்டெனா

மூடி திரும்பப் பொருந்தவில்லை.

பாய் சூயின் அதை இடப்பக்கம் திருப்பிப் பார்த்தாள், வலப்பக்கம் திருப்பிப் பார்த்தாள், கையால் ஒரு குத்தும் விட்டுப் பார்த்தாள். வெள்ளை பிளாஸ்டிக் மூடி, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரமெல்லாம் நெளிந்து கிடந்தது. பசை இளகட்டும் என்று சூடான காற்றை அடித்தவள் அவள்தான். பசை இளகியது. மூடியும் கூடவே இளகிவிட்டது.

“அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன்.”

லியென் அக்கா எழுந்து வந்தாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கம்பெனியில் ஈயம் பற்றவைக்கிறவள்.

“யாரோட ஆண்டெனாடி இது?”

“லாய் அண்ணனோடது.”

“அடிப்பாவி! இன்னிக்கு ரெண்டு மணிக்கு வர்றாரே, அந்த லாய் அண்ணனா?”

“அவரேதான்.”

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி பத்தரை.

ஷிஜி நகரத்தில் ஒரு பழைய கட்டடத்தின் ஏழாம் மாடியில் ஒன்பது பேர் சேர்ந்து ஆண்டெனா செய்கிற கம்பெனி அது. செயற்கைக்கோளைப் பார்த்து வழி தெரிந்துகொண்டு தானாக ஓடுகிற டிராக்டர்களின் தலையில் அந்த ஆண்டெனா உட்காரும். யுன்லின் பக்கம் நாற்பது டிராக்டர் வைத்து ஊருக்கெல்லாம் உழுது நட்டுக் கொடுக்கிற லாய், அத்தனை வண்டிக்கும் ஆண்டெனா மாற்றலாமா என்று யோசித்தார். அவரிடம் இருந்தவை வெளிநாட்டுச் சரக்கு. ஒரு மாதத்துக்கு முன் சூயின் வடிவமைத்த ஆண்டெனா ஒன்றை ஓட்டிப் பார்க்க வாங்கிப் போனார். தன் பழையதில் ஒன்றை மூன்று நாளைக்கு முன் கூரியரில் அனுப்பினார். இன்று இரண்டையும் மொட்டை மாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, கம்பெனியுடையது ஜெயித்தால் ஆர்டர் என்று பேச்சு.

இந்த ஆர்டரும் போனால் கம்பெனியைப் பூட்டிவிட்டு மச்சானின் நூடுல்ஸ் கடையில் போய் உட்காரப் போவதாக முதலாளி தூ ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லாய் அனுப்பிய பெட்டியைக் கொடுத்தபோதும், “தொடாத. பத்திரமா வையி” என்றுதான் சொன்னார்.

ஆனால் ஒரு ஆண்டெனாவைக் கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சூயினுக்குச் சோறு இறங்காது. மூன்று நாள் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

“உள்ளயாவது ஒழுங்கா இருக்கா?” என்றாள் அக்கா.

உள்ளே அழகாகத்தான் இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பீங்கான் தகடுகள். அடியில் தகர மூடிக்குள் ஒரு சின்னச் சர்க்யூட் பலகை. இரண்டு தகட்டுக்கும் நடுவில் என்ன வைத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க சூயின் மெல்ல நெம்பினாள்.

டக்.

மேல் தகடு இரண்டாகப் போயிற்று.

“ஒண்ணும் பதறாத” என்றாள் அக்கா, பதறிக்கொண்டே. “நம்ம தகட்ட எடுத்து உள்ள வச்சுருவோம்.”

வைத்தார்கள். கம்பெனித் தகட்டின் ஊசி அந்தப் பலகையின் ஓட்டையில் நுழையவில்லை. சூயின் ஓட்டையைக் கொஞ்சம் பெரிசாக்கினாள். துளைப்பான் பலகைக்குள் ஓடிய செம்புக் கோட்டையும் அறுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தது.

“அப்ப பலகையையும் மாத்து.”

மாற்றினார்கள். பதினோரு மணி ஐம்பதுக்கு, லாய் அண்ணனின் ஆண்டெனாவில் லாய் அண்ணனுடையது என்று மிச்சம் இருந்தவை அடித்தட்டும் நெளிந்த மூடியும்தான்.

“ஆவி காட்டுனா மூடி இளகும். இளகுனதும் ஒரு கிண்ணத்து மேல கவுத்து அமுக்குனா நேராயிரும்” என்றாள் அக்கா.

சமையல் மூலையில் இருந்த குக்கரில், தேயிலையும் மசாலாவும் போட்ட தண்ணீரில், எல்லாருக்குமான தேயிலை முட்டை வெந்துகொண்டிருந்தது. முட்டையை இறக்கினால் மற்ற ஏழு பேரும் ஏன் என்று கேட்பார்கள். அதனால் முட்டைகளின் மேலேயே மூடியைக் கவிழ்த்து வைத்தார்கள். கால் மணி கழித்து எடுத்து, மீன் உருண்டை சூப் குடிக்கிற கிண்ணத்தின்மேல் அமுக்கினார்கள். வடிவம் கச்சிதமாக வந்துவிட்டது. நிறம்தான் நல்ல பழுப்பு. சோம்பும் பட்டையும் கமகமத்தன.

பழுப்புப் போகட்டும் என்று சூயின் மூடியில் பற்பசையைப் பிதுக்கிப் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தபோது தூ உள்ளே நுழைந்தார். மூடியை முதுகுக்குப் பின்னால் மறைத்து, பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டாள்.

“மத்தியானத்துல பல்லு தேய்க்கிற?”

“முட்ட சாப்ட்டேன் முதலாளி.”

“நான் காலைலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல, உனக்கு முட்ட எறங்குது!”

தேய்த்துத் தேய்த்தே மணி இரண்டாகிவிட்டது. மூடியைப் பசை போட்டு ஒட்டியபோது வாசலில் லாய் அண்ணன் குரல் கேட்டது. அது வேலை செய்கிறதா என்று பார்க்கக்கூட நேரமில்லை.

லாய் கையில் இரண்டு பூண்டுக் கட்டு கொண்டுவந்திருந்தார். பின்னாலேயே அவர் மனைவி, பூப்போட்ட கையுறை முழங்கை வரைக்கும் ஏறியிருக்க, ஓட்டிப் பார்க்கக் கொடுத்த ஆண்டெனாவைப் பெட்டியோடு மார்பில் அணைத்தபடி வந்தாள்.

“தூ அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க” என்றார் லாய். “உங்க சரக்கு மொத வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்பறம் வண்டி வளஞ்சு வளஞ்சு போவுது. வயல்ல நாத்தப் பாத்தா பாம்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. ஊரே நின்னு சிரிக்குது.”

தூவின் முகம் விழுந்துவிட்டது. சூயினுக்கு அதைவிடக் கேவலமாக இருந்தது. எட்டு மாதம் உட்கார்ந்து வடிவமைத்தவள் அவள்.

மழை விட்டிருந்தது. மொட்டை மாடியில் இரண்டு முக்காலிகளை நிறுத்தி இரண்டையும் ஏற்றினார்கள். லாய் தன் ஆண்டெனாவின் பக்கத்தில் குனிந்தார்.

“ஏம்மா, இதுல தேயில முட்ட வாசன அடிக்குதே?”

“கீழ் மாடில கட இருக்குண்ணே” என்றாள் லியென் அக்கா. கீழ் மாடியில் இருந்தது திருகாணிக் கிடங்கு.

கேபிளை இழுத்து மாட்டிய கணினியின் திரையில் எண்கள் ஏறின. கம்பெனி ஆண்டெனா பத்தொன்பது செயற்கைக்கோளைப் பிடித்து, மூச்சு வாங்கி நின்றுவிட்டது. லாயின் ஆண்டெனா இருபத்தைந்து, முப்பது என்று ஏறி முப்பத்தி நாலில் போய் அசையாமல் உட்கார்ந்தது.

“அம்மாடி!” என்றார் லாய். “எங்க வயல்ல இது இருபதத் தாண்டுனதே இல்ல. பழசுக்கு இருக்குற மதிப்பே தனிதான் போல. தப்பா நெனைக்காதீங்கண்ணே, நான் இதையே வச்சு ஓட்டிக்கிறேன்.”

தூ கேபிளைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் சூயினால் சும்மா நிற்க முடியவில்லை.

“லாய் அண்ணே, அது உங்க ஆண்டெனா இல்ல.”

“பின்ன யாருது? என் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே!”

“ஸ்டிக்கர் உங்களுது. உள்ள எங்களுது.”

பசை இன்னும் சரியாகக் காயவில்லை. மூடியைப் பிடித்து ஒரு திருகு திருகினாள், கையோடு வந்துவிட்டது. பீங்கான் தகட்டின்மேல் கம்பெனி முத்திரை பளிச்சென்று இருந்தது. காலையிலிருந்து நடந்ததை, குக்கர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“தொடாதன்னுதானே சொன்னேன்!” என்று கத்தினார் தூ. கத்தி முடிப்பதற்குள் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அப்ப முப்பத்தி நாலு… நம்மளுதா?”

“நம்மளுதுதான் முதலாளி.”

தூ சுருட்டிய கேபிளை வானத்தில் விட்டெறிந்தார். லியென் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். லாய் தொடையில் அடித்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“முட்டச் சட்டில வெந்து, கிண்ணத்துல கவுந்து, அப்பவும் முப்பத்தி நாலா? நாப்பது வண்டிக்கும் இதையே போடுங்க. அறுவடை வண்டிக்கும் சேத்துப் போடுங்க!”

தூ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார், விடவே இல்லை. பாதிக் குலுக்கலில் லாயின் புருவம் சுருங்கியது.

“அதெல்லாம் சரிம்மா. அப்ப நான் ஓட்டுனது மட்டும் ஏன் பத்தொம்பதுல நிக்கிது? அதுவும் உங்களுதுதானே?”

எல்லாரும் திரும்பிச் சூயினையே பார்த்தார்கள்.

“அதையும் பிரிச்சியா?” என்றார் தூ.

“ஐயோ, சத்தியமா இல்ல முதலாளி!”

லாயின் மனைவி, பூப்போட்ட கையுறையை மெதுவாகக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “அந்தப் பொண்ண மொறைக்காதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாம்னு நான்தான் பிரிச்சேன், டக்குனு ஒடஞ்சுபோச்சு, நம்ம பழைய டிராக்டர் ஆண்டெனா ஒண்ணுலேருந்து உள்ள இருந்ததப் புடுங்கி இதுக்குள்ள வச்சு மூடிட்டேன்.”